பழைய லாரியில் இண்டிகேட்டர் கோளாறா? 18,000 ரூபாய் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க

வரி, முதலீடு, இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல லாரி இண்டிகேட்டருக்கு என்ன வேலைன்னு நினைப்பீங்க. ஒரு எஸ்டிமேட் சீட்டு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதுல இருந்துதான் இந்தக் கட்டுரை.

அனுப்பினவர் என் தாய்மாமா. திருச்செங்கோட்டுல இருக்கார். சொந்தமா ஒரே வண்டி, 2009 மாடல் டாடா 407. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக்காரங்களுக்கு நூல் மூட்டை ஏத்துற வண்டி. லோன் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. சீட்டுல "ஒயரிங் கம்ப்ளீட், லேபர் சேர்த்து 18,000"னு ஒரே வரி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு, எஃப்.சி.க்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்குது. பில் வாங்கிக்கிட்டா வரியில கழிச்சுக்கலாம்னு மெக்கானிக் சொல்றாரு. நெசந்தானுங்களா?"

கோளாறு என்னன்னா, இடது பக்கம் சிக்னல் போட்டா மீட்டர் போர்டுல இருக்கற பச்சை அம்பு படபடன்னு வேகமா அடிக்குது. பின்னாடி லைட் சரியா எரியல. இதுக்கு முன்னாடியே பிளாஷர் மாத்தியாச்சு, 380 ரூபாய். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற காம்பி சுவிட்ச் மாத்தியாச்சு, 2,300 ரூபாய். லேபர் 500. மொத்தம் 3,180 போயும் அம்பு அதே படபடப்புலதான் இருந்துச்சு. மிச்சம் இருக்கறது ஒயரிங் மட்டும்தான்னு மெக்கானிக் முடிவுக்கு வந்துட்டார்.

மாமா கையில இருந்தது 22,000 ரூபாய். அது இன்சூரன்ஸ் கட்ட எடுத்து வெச்ச பணம். அதுல 18,000 எடுத்தா அத்தையோட வளையல் அடகுக்குப் போகும். எஃப்.சி. முடிஞ்ச வண்டியை ஓட்டவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுப்படி, எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டி ரிஜிஸ்ட்ரேஷனே இல்லாத வண்டி மாதிரி. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் இந்தச் சோதனை உண்டு. இண்டிகேட்டர் எரியாம அங்க போய் நிக்க முடியாது.

முதல்ல வரிக் கேள்வி

என் தொழில்ங்கறதால இதை முதல்ல சொல்லிடறேன். மாமா கணக்குப் புத்தகம் எதுவும் வெச்சுக்கறது இல்ல. வருமான வரிச் சட்டம் 1961-ல 44ஏஇ பிரிவுல ரிட்டர்ன் போட்டுத் தந்தேன். பத்து சரக்கு வண்டிக்கு மேல இல்லாதவங்களுக்கான பிரிவு இது. மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல இருக்கற கனரக வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய், மத்த வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் லாபம்னு எடுத்துக்கிட்டு வரி போடுவாங்க. 407 இரண்டாவது ரகம். 12 மாசத்துக்கு 90,000 ரூபாய்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த 7,500-க்குள்ளயே டீசல், டயர், ரிப்பேர், தேய்மானம் எல்லாம் கழிச்சாச்சுன்னு சட்டம் எடுத்துக்குது. நீங்க 18,000-க்கு பில் வாங்கினாலும் தனியா ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. மாமாவுக்கு வேற வருமானம் இல்ல, வரியே வராது. வராத வரியில எதைக் கழிக்கறது?

சரி, முறையா கணக்கு வெச்சு 20 சதவீத வரி கட்டறவரா இருந்தா? 18,000-க்கு செஸ் சேர்த்து 3,744 ரூபாய் வரி குறையும். மிச்சம் 14,256 அவர் பையிலிருந்துதான் போகும். "வரியில கழிச்சுக்கலாம்"ங்கறது செலவு பண்றதுக்கு ஒரு காரணமே இல்ல. வண்டி விஷயத்துல மட்டும் இல்ல, எந்த விஷயத்துலயும்.

அப்பா கேட்ட கேள்வி

எங்க அப்பா முப்பது வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருந்தவர். ஸ்கூல் லீவுல டெஸ்ட் பல்பு பிடிச்சுக்கிட்டு நின்ன அனுபவம் எனக்கும் உண்டு. இப்ப அவருக்குக் கண் பார்வை குறைஞ்சதால கடையை மூடிட்டார். வரி விஷயம்னு நினைச்சு மாமா என்கிட்ட கேட்டாரே தவிர, அப்பாகிட்ட கேட்கணும்னு அவருக்குத் தோணல. எஸ்டிமேட்டைப் படிச்சுக் காட்டினதும் அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"வலது பக்கம் ஒழுங்கா எரியுதா?"

எரியுது. சாதாரண வேகத்துல, முன்னாடியும் பின்னாடியும் நல்லா எரியுது.

"அப்புறம் எதுக்குடா பிளாஷரை மாத்தினாங்க?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க, மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. பேட்டரியில இருந்து கரண்ட் கிளம்பி ஃபியூஸ் வழியா வருது. பெரும்பாலான வண்டியில ஹசார்டு சுவிட்ச் வழியா போய் பிளாஷருக்கு வருது. அங்க விட்டு விட்டு வெளிய வந்து காம்பி சுவிட்சுக்குப் போகுது. அது வரைக்கும் இடது, வலது இரண்டுக்கும் ஒரே பாதை. காம்பி சுவிட்ச்லதான் இரண்டா பிரியுது. பிரிஞ்சதுக்கு அப்புறம் அந்தந்தப் பக்கத்து முன் பல்பு, பின் பல்பு, மீட்டர் போர்டுல இருக்கற அம்பு.

வலது நல்லா எரிஞ்சா பொதுப் பாதை முழுக்க நல்லா இருக்குன்னு அர்த்தம். அதாவது ஃபியூஸ், ஹசார்டு சுவிட்ச், பிளாஷர் மூணுமே குற்றவாளி இல்ல. 380 ரூபாய் அங்கயே வீண். அடுத்து, இடது முன் பல்பு பிரகாசமா எரியுதான்னு அப்பா கேட்டார். எரிஞ்சுது. அப்படின்னா காம்பி சுவிட்ச் இடது பக்கத்துக்குக் கரண்டை ஒழுங்கா அனுப்பிட்டு இருக்கு. 2,300 ரூபாயும் வீண். ஒரு ஸ்குரூவைக்கூடக் கழட்டாம, போன்ல இரண்டு கேள்வியிலேயே பிரச்சினை இடது பின் பக்கம்தான்னு தெரிஞ்சு போச்சு.

ஆடிட்ல நாங்களும் இதைத்தான் பண்ணுவோம். டிரயல் பேலன்ஸ் ஒத்துப் போகலைன்னா மொத்தக் கணக்கையும் திருப்பி எழுதமாட்டோம். எது ஒத்துப் போகுதோ அதை ஒதுக்கிட்டே வருவோம்.

அம்பு ஏன் அவசரமா அடிக்குது?

நிறைய டிரைவருங்க இதை பிளாஷர் கோளாறுன்னு நினைக்கறாங்க. அதனால முதல்ல பிளாஷரைத்தான் மாத்தறாங்க. உண்மையில பிளாஷர் தன் வேலையை ஒழுங்கா செய்யுது. 12 வோல்ட் வண்டியில ஒரு இண்டிகேட்டர் பல்பு 21 வாட்ஸ். 21-ஐ 12-ஆல வகுத்தா 1.75 ஆம்பியர். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னா 3.5 ஆம்பியர் போகணும். எலக்ட்ரானிக் பிளாஷர் இதைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு பல்பு போயிட்டா கரண்ட் பாதியாக் குறையும், உடனே வேகத்தைக் கூட்டிடும். "பின்னாடி ஏதோ எரியல, இறங்கிப் பாருங்க"ன்னு டிரைவருக்குச் சொல்ற வழி அது. சாதாரணமா நிமிஷத்துக்கு 60-ல இருந்து 120 தடவைக்குள்ள அடிக்கணும். வாட்ச்சை வெச்சு எண்ணிப் பாருங்க.

ரொம்பப் பழைய வண்டியில சூடாகி வளையற தகடு வெச்ச பிளாஷர் இருக்கும். அது நேர் எதிர். கரண்ட் குறைஞ்சா சூடாக நேரம் ஆகும். அதனால மெதுவா அடிக்கும், இல்லைன்னா அடிக்காம எரிஞ்சுக்கிட்டே நிக்கும். இரண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான், அந்தப் பக்கம் பல்பைப் பாருங்க.

எல்.இ.டி. பல்பு மாட்டினவங்களுக்கும் இதே படபடப்பு வரும். எல்.இ.டி. ரொம்பக் கம்மியா கரண்ட் எடுக்கறதால பல்பு போயிட்டதா பிளாஷர் நினைச்சுக்கும். எல்.இ.டி.க்குன்னே பிளாஷர் தனியா கிடைக்குது. எஃப்.சி.க்குப் போற பழைய வண்டியில இந்த வேலையெல்லாம் எதுக்குன்னு எனக்கு ஒரு கேள்வி உண்டு. வண்டியோட வந்த அதே வாட்ஸ் பல்பைப் போட்டா முடிஞ்சுது.

பிரேக்கை மிதிங்க

சனிக்கிழமை நேர்லயே போயிட்டேன். பின் லைட் கண்ணாடியைக் கழட்டி பல்பைப் பார்த்தா நல்லா இருக்கு, ஃபிலமென்ட் அறுந்து போகல. மெக்கானிக்கும் இதைப் பார்த்திருக்கார். "பல்பு நல்லா இருக்கு, பிளாஷர் புதுசு, சுவிட்ச் புதுசு, அப்ப ஒயரிங்தான்"னு அங்க இருந்துதான் தாவியிருக்கார். அவர் ஏமாத்துறார்னு நான் சொல்லல. வாசல்ல ஆறு வண்டி நிக்கற பட்டறையில தேடறதைவிட மாத்தறது சீக்கிரம் முடியற வேலை. தேடற நேரத்துக்குக் காசு கொடுக்க நாமளும் தயாரா இல்லையே.

அப்பா போன்ல சொன்னார்: "சிக்னல் போடாத. மாமாவைச் சும்மா பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மீட்டரைப் பாரு."

மாமா மிதிச்சார். பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா மீட்டர் போர்டுல இடது பச்சை அம்பு மங்கலா எரிஞ்சுது. காலை எடுத்தா அணைஞ்சுது. நான் சொன்னதும் அப்பா சிரிச்சுட்டார். "எர்த் இல்லடா. பின் லைட்டுக்கு எர்த் போச்சு."

எப்படின்னு சொல்றேன். பின் லைட்ல இண்டிகேட்டர், பிரேக், பார்க்கிங்னு பல பல்பு இருந்தாலும் எல்லாத்துக்கும் எர்த் ஒண்ணுதான். கரண்ட் பல்புக்குள்ள போய் அந்த எர்த் வழியா சேஸிஸுக்குத் திரும்பணும். எர்த் விட்டுப் போச்சுன்னா திரும்ப வழி கிடையாது. சாக்கடை அடைச்சா தண்ணி பக்கத்து வீட்டு பாத்ரூம்ல ஏறும் இல்லையா, அதே கதை. பிரேக் கரண்ட் பக்கத்துல இருக்கற இண்டிகேட்டர் பல்பு வழியா தலைகீழா ஏறி, இடது பக்க ஒயர்ல முன்னாடி வரைக்கும் வந்து, முன் பல்பு வழியாவும் அம்பு வழியாவும் எர்த்தைத் தேடிக்குது. அதான் அம்பு மங்கலா எரியுது. சம்பந்தமே இல்லாத லைட் ஒண்ணு கூட எரிஞ்சா, ஒரு சிக்னல் போட்டா டெயில் லைட் மினுக்கினா, முதல்ல எர்த்தைச் சந்தேகப்படுங்க.

உறுதி பண்ணிக்க ஒரு துண்டு ஒயர் போதும். ஒரு முனையை சேஸிஸ்ல பெயின்ட் இல்லாத சுத்தமான இரும்புல அழுத்திக்கிட்டு, இன்னொரு முனையை பின் லைட்டோட எர்த்ல வெச்சோம். அந்த நொடியே அம்பு நிதானமா அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. மல்டிமீட்டர் இருக்கறவங்க கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸ்லயும் சிவப்பை லைட் எர்த்லயும் வெச்சுட்டு லைட்டை எரிய விட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட் தாண்டினாலே எர்த்ல தகராறு. எங்களுக்கு 5 வோல்ட் பக்கம் காட்டிச்சு.

சரி, எர்த் எப்படிப் போச்சு? லைட்டைத் தாங்கற தகடு ஒரு போல்ட்ல சேஸிஸோட சேருது. எர்த் ஒயரும் அதே போல்ட்லதான். போன வருஷம் எஃப்.சி.க்காக வண்டி முழுக்கப் பெயின்ட் அடிச்சப்ப, தகட்டைக் கழட்டி, அடியில பெயின்ட் அடிச்சு, அப்படியே மேல மாட்டிட்டாங்க. கொஞ்ச நாள் போல்ட்டோட மரை வழியா எர்த் கிடைச்சிருக்கு. மழைக்காலத்துல அங்கயும் துரு ஏறிடுச்சு. போன எஃப்.சி.க்கு அடிச்ச பெயின்ட், இந்த எஃப்.சி.யை நிறுத்தப் பார்த்துச்சு.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இரும்பு பளபளன்னு வந்ததும், எர்த் ஒயருக்குப் புது ரிங் முனை போட்டு, போல்ட்டை இறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவிட்டோம். ஹோல்டர்ல பச்சையாப் படிஞ்சிருந்த களிம்பையும் சுரண்டிட்டோம். உப்புத்தாள் 15, ஒயரும் ரிங்கும் 40, எதுக்கும் இருக்கட்டும்னு இரண்டு புது பல்பு 60. மொத்தம் 115 ரூபாய். அத்தை கொடுத்த காபி தனி.

உங்க வண்டியில வேற மாதிரி இருந்தா

இரண்டு பக்கமும் எரியலைன்னா பொதுப் பாதைதான். முதல்ல ஃபியூஸ். அப்புறம் ஹசார்டு போட்டுப் பாருங்க. நாலும் எரிஞ்சா பல்பு, எர்த், பிளாஷர் எல்லாம் நல்லா இருக்கு. பல வண்டியில ஹசார்டுக்கு தனி ஃபியூஸ், சிக்னலுக்கு சாவி போட்டாத்தான் வர்ற வேற ஃபியூஸ். அதனால சிக்னல் ஃபியூஸையும் ஹசார்டு சுவிட்சையும் பார்க்கணும். ஹசார்டு சுவிட்ச் மாசக்கணக்குல யாரும் தொடாம கிடக்கும், உள்ள காண்டாக்ட்ல அழுக்கு சேரும். பத்துப் பதினைஞ்சு தடவை அழுத்தி எடுத்துப் பாருங்க. அதுலயே சரியாகிப் போற வண்டி உண்டு, செலவு பூஜ்யம். ஹசார்டும் எரியலைன்னாத்தான் பிளாஷர் மேல சந்தேகமே வரணும்.

வெளியில நாலு லைட்டும் நல்லா அடிக்குது, மீட்டர் போர்டுல மட்டும் அம்பு வரலைன்னா அது அம்புக்குள்ள இருக்கற குட்டி பல்பு. மீட்டரைக் கழட்டணும், பேட்டரி மைனஸை எடுத்துட்டுக் கழட்டுங்க. பின்பக்கம் பல்பைக் கால் சுத்து திருப்பினா வந்துடும். பல்பு நல்லா இருந்தா அது உட்கார்ற இடத்துல செப்புத் தடம் கறுத்திருக்கும். ரப்பர் வெச்சு மெதுவா தேய்ச்சா போதும். இதுக்குப் போய் முழு மீட்டரையும் மாத்தச் சொன்னா எழுந்து வந்துடுங்க.

சில பழைய வண்டியில இரண்டு அம்பு இருக்காது, நடுவுல ஒரே பச்சை விளக்குதான். அதுல சிலது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவுல கட்டினது. இடது போட்டா அந்தக் குட்டி பல்பு வலது பக்கத்து பல்புகள் வழியாத்தான் எர்த் எடுக்கும். வலது பக்கம் பல்பு இரண்டும் போயிருந்தா, இடது போடறப்ப பச்சை விளக்கு எரியாது. இது தெரியாம இடது பக்கத்தையே நோண்டிக்கிட்டு இருந்த ஆளுங்களை அப்பா கடையில பார்த்திருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போடறது, இல்லைன்னா சிகரெட் பாக்கெட் தாள் சுத்தி வெக்கறது. ஃபியூஸ் போனா எங்கயோ ஒயர் உரசுதுன்னு அர்த்தம். அதை அடைச்சா ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் எரியும். நூல் மூட்டை ஏத்துற வண்டியில அது எங்க போய் நிக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஒயரிங் மாத்தவே கூடாதுன்னு சொல்லல. எலி கடிச்சு, இன்சுலேஷன் உருகி, அங்கங்க டேப் சுத்தி நிக்கற ஒயரிங்குக்கு 18,000 நியாயமான செலவுதான். ஆனா எஸ்டிமேட் ஒரே வரியில இருக்கக் கூடாது. எந்தப் பொருள் என்ன விலை, கூலி எவ்வளவு, மாத்தினப்புறமும் கோளாறு போகலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு எழுதி வாங்குங்க. கழட்டின பழைய பொருளைத் திருப்பிக் கேளுங்க. "எது கெட்டிருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அதுக்குத் தனியா 500 ரூபாய் தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. நல்ல எலக்ட்ரீஷியன் சந்தோஷமா ஒத்துக்குவார்.

மாமா பட்டறைக்குப் போய் பழைய பிளாஷரையும் காம்பி சுவிட்சையும் கேட்டார். சுவிட்ச் குப்பையோட போயிடுச்சாம். பிளாஷர் மட்டும் கிடைச்சுது, அதை கேபின் பெட்டியில ஸ்பேரா போட்டு வெச்சிருக்கார். அடுத்த வாரம் எஃப்.சி. ஆச்சு. இன்சூரன்ஸையும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாடியே கட்டிட்டோம். இந்தத் தடவை பெயின்டரை வேலைக்கு விடறதுக்கு முன்னாடி, எர்த் போல்ட் இருக்கற இடம் எல்லாத்துலயும் மாமா தன் கையாலயே டேப் ஒட்டினாராம். பிரேக்கை மிதிச்சா அம்பு எரியற காட்சியை அன்னிக்கே போன்ல எடுத்தேன், இந்த வார வீடியோவுல போட்டிருக்கேன், பாருங்க.